வீட்டுக் குளிர்சாதனத்தைப் பேணும் முறை

குளிர்சாதனம் என்பது பட்டணத்துப் பங்களாக்களுக்கும் சினிமாக் கொட்டகைகளுக்கும் மட்டுமே உரிய பொருள் என்று எண்ணப்பட்ட காலம் ஒன்று உண்டு. இன்று அந்நிலை மாறிவிட்டது. ஊராட்சிகளைச் சுற்றிவரும்போது, ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய சிறு தளத்து வீடுகளின் சுவர்களிலும் ஏ.சி. என்று யாவரும் வழங்கும் இவ்வியந்திரத்தின் வெளிப்பெட்டி தொங்குவதைக் காண்கிறோம். நெல் விற்ற பணத்திலோ, வெளிநாடு சென்ற மகன் அனுப்பிய பணத்திலோ, பெரும்பாலும் மாதத் தவணையிலோ வாங்கப்பட்டவை அவை. இதனை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. கத்திரி வெயிலில் காங்கிரீட் தளம் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவெல்லாம் கக்குகிறது. முதியோரும் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் அதனால் படும் துன்பம் சிறிதன்று. ஆயினும், பம்புசெட்டையும் டிராக்டரையும் பேணுவதில் கைதேர்ந்த நம் விவசாயப் பெருமக்கள், இவ்வியந்திரத்தை மட்டும் சுவரில் மாட்டியதோடு மறந்துவிடுகின்றனர்.

சென்ற கோடையில், வீடு கட்டும் திட்டப் பணி ஒன்றைப் பார்வையிட ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். அடுத்த வீட்டு விவசாயி நம்மை அழைத்துத் தம் குறையைச் சொன்னார். எழுபது வயதைக் கடந்த, இருதய நோயுள்ள தம் தாயாருக்காகத் தவணையில் ஒரு டன் குளிர்சாதனம் வாங்கியிருந்தார். முதல் ஆண்டு நன்கு குளிர்ந்தது. இரண்டாம் ஆண்டு சித்திரையில் காற்று வந்ததேயொழியக் குளிர் வரவில்லை. மெக்கானிக் ஒருவர் வந்து, கேஸ் குறைந்துவிட்டது என்று கூறி, மூவாயிரம் ரூபாய் பெற்று நிரப்பிச் சென்றார். அன்று மாலை சற்றுக் குளிர்ந்தது போல் தோன்றிற்று. மறுநாள் பழைய நிலையே. மின் கட்டணமோ ஏறிக்கொண்டே போயிற்று. அம்மூதாட்டி ஈரத் துணியை மார்பில் இட்டுக்கொண்டு திண்ணையில் கிடந்தார்.

"வலையைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?" என்று கேட்டோம்.

"வலையா? எந்த வலைங்க, ஐயா?" என்றார் அவர்.

உட்பெட்டியின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, தூசு வடிகட்டும் வலையின்மீது உமித்தூளும் பஞ்சும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, வலையைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினோம். அரை மணி நேரத்தில் அறை குளிர்ந்தது. மூவாயிரம் ரூபாய் போனது போனதுதான்.

இவ்வியந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. கவலை ஏற்றத்தில் சால் கிணற்று நீரை முகந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டிவிட்டு, மீண்டும் வெறுஞ்சாலாய்க் கிணற்றுள் இறங்குவதை நம்மில் முதியோர் கண்டிருப்பர். குழாய்க்குள் சுற்றும் கேஸ்தான் இங்கே சால். அது உட்பெட்டியின் குழாய்களில் ஆவியாகி அறையின் வெப்பத்தை முகந்துகொள்கிறது. கம்ப்ரசரால் அழுத்தப்பட்டு, வெளிப்பெட்டியில் அவ்வெப்பத்தைக் கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. கம்ப்ரசரே ஏற்றம் இழுக்கும் மாடு. ஒரு டன் என்பது இயந்திரத்தின் எடையன்று. சுமார் 900 கிலோ பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்கத் தேவையான வெப்பத்தை வெளியேற்றும் திறனே ஒரு டன் எனப்படுகிறது.

சால் நீரை முகப்பதால் தேய்ந்து தீர்ந்துவிடுமா? கேஸும் அவ்வாறே. டீசலைப்போல் அது எரிந்து செலவாவதன்று. ஆகவே ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். உண்மையிலேயே குறைந்திருப்பின், எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். சால் ஓட்டையானால் ஓட்டையை அடைக்க வேண்டுமேயன்றி, மேன்மேலும் நீரை ஊற்றிப் பயனில்லை. கசிவைக் கண்டு அடைத்து, குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றி, வெளிப்பெட்டியின் தகட்டில் எழுதியுள்ள அதே வகைக் கேஸை அதே எடையளவில் நிறுத்து நிரப்புவதே முறை. ஆர்-22 என்னும் பழைய கேஸ் ஓசோன் படலத்துக்குக் கேடு செய்வது. 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அது படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. புதிய இயந்திரங்களில் பலவற்றில் உள்ள ஆர்-32 தீப்பற்றக்கூடியது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை நிரப்புதலும், கேஸ் உள்ள குழாயில் நெருப்பு வைத்துப் பற்றவைத்தலும் ஆபத்தானவை.

குழாயின்மேல் பனி படிந்தால் அதைக் கண்டு மகிழ்வோரும் உண்டு. அது நோயின் குறி. காற்று போதிய அளவு செல்லாமையால் அல்லது கேஸ் குறைந்தமையால் பனி உறைகிறது. முதலில் பார்க்க வேண்டியது வலையை, அதற்குச் செலவில்லை. கோடையில் இரு வாரத்துக்கு ஒருமுறையும், அறுவடை இயந்திரம் ஓடும் நாள்களிலும் களத்தில் தூற்றும் நாள்களிலும் வாரம் ஒருமுறையும் வலையைக் கழுவ வேண்டும். குளிர்ந்த நீரும் மெல்லிய பிரஷும் போதும். வெந்நீரிலும் வெயிலிலும் வலை நெளிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடக்கூடிய வேலை. ஆயின் மின்சாரத்தை நிறுத்துவது பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

வெளிப்பெட்டி நாட்டுப்புறத்தில் படும் பாடு பட்டணத்தில் இல்லை. அதை மாட்டுக்கொட்டிலை ஒட்டி வைத்தல் தகாது; கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா செம்புக் குழாயை அரித்துவிடும். வைக்கோற்போரால் அதன் முகத்தை மறைத்தலும் கூடாது, வெப்பம் வெளியேற வழியிராது. பல்லி உள்ளே புகுந்து மின் தகட்டில் மாட்டி, தானும் மாண்டு தகட்டையும் கெடுத்துவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. சுவரில் குழாய் நுழையும் துளையை அடைத்துவிட்டால் எலியும் பல்லியும் வாரா. ஆண்டுக்கு ஒருமுறையேனும், மின்சாரத்தை நிறுத்தியபின், வெளிப்பெட்டியின் மெல்லிய அலுமினியத் தகடுகளை நீரால் கழுவ வேண்டும். வாளி நீரோ குழாய் நீரோ மென்மையாக விழட்டும். நம் விவசாயிகளிற் சிலர் மோட்டார் நீரைப் பீய்ச்சி அடிக்கின்றனர். தகடுகள் மடிந்து காற்று வழி அடைபடுகிறது.

அறையின் ஈரத்தை உறிஞ்சுவதால் உட்பெட்டியில் நீர் சேரும். 1902-இல் அமெரிக்காவில் வில்லிஸ் காரியர் முதன்முதல் அமைத்த இயந்திரமே ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரியாமல் இருப்பதற்காகத்தான். கடற்கரை ஊர்களில் புழுக்கமான இரவில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் நீர் வடியும். வடிகுழாய் பாசி அடைத்தால் அந்நீர் அறைக்குள்ளேயே ஒழுகும். நமது அலுவலகத்தில் ஒரு மாதம் கோப்புகளை நனைத்தபின்பே நாமும் இதனைக் கற்றோம். ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று. வடிநீரை வாளியிலோ உடைந்த குடத்திலோ பிடித்து வைத்துவிட்டு மறந்தால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தெளிநீரில் முட்டையிடும். வாரம் ஒருமுறை கட்டாயம் கொட்டிக் கலத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குழாயை வாழைக்கோ முருங்கைக்கோ நேரே விட்டுவிடுவது மேல். குடிப்பதற்கு அந்நீர் ஆகாது.

இவற்றிலெல்லாம் தவறு நேர்ந்தால் பணம் போகும். மின் இணைப்பில் தவறு நேர்ந்தால் உயிர் போகும். மின்விசிறிக்கும் செல்போனுக்கும் உரிய சிறு பிளக்கில் இதனைச் செருகுவோர் இன்னும் உளர். ஒன்றரை டன் இயந்திரம் ஏறக்குறைய 7 ஆம்பியர் மின்சாரத்தை மணிக்கணக்கில் இழுப்பது. மீட்டர்ப் பலகையிலிருந்து தனிக் கம்பி, தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் பிளக் ஆகியவை வேண்டும். வீட்டு இணைப்பின் பளு போதாதாயின், மின்வாரியத்தில் விண்ணப்பித்து உயர்த்திக்கொள்ள வேண்டும். பம்புசெட்டு இணைப்பிலிருந்து வீட்டுக்கு இழுப்பதோ 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின்படி அனுமதியற்ற உபயோகம் ஆகும்.

எர்த் கம்பி பெயரளவில் இருந்தால் போதாது. கரியும் உப்பும் இட்டுப் புதைத்த எர்த் குழி, கோடையில் மண் காய்ந்ததும் தன் வேலையைச் செய்யாது போகும். இயந்திரம் அதிகம் ஓடுவதும் அக்கோடையிலேதான். வாரம் இருமுறை இரண்டு குடம் நீர் அதில் ஊற்றுதல் நலம். வெளிப்பெட்டியைத் தொட்டால் சுரீரென்று சிறிதளவு தட்டினாலும், உடனே எம்.சி.பி.யை நிறுத்தி எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். கசிவு மின்சாரத்தை உணர்ந்து தானே அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தியிருப்பது எல்லாவற்றினும் நன்று. மின்சாரம் நின்று வந்தால் மூன்று நிமிஷம் கழித்தே இயந்திரத்தைப் போடுதல் கம்ப்ரசருக்கு நல்லது. மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளையோ சாம்பிராணிக் கரியையோ புகையவிட்டுத் தூங்கவே கூடாது. இவ்வியந்திரம் வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை.

சிக்கனத்துக்கு ஒரு வார்த்தை. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியிட்ட இயந்திரங்கள் போட்டவுடன் 24 டிகிரியில் ஓடுமாறு அமைக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசு விதித்துள்ளது. அதை 18-க்கு இறக்குவதால் அறை விரைவில் குளிர்வதில்லை. செலவு மட்டும் கூடும். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்று எரிசக்திச் சிக்கனச் செயலகம் கணக்கிட்டுள்ளது. 26-இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் உறங்குவதற்குப் போதும். மொட்டை மாடியில் மாசி மாதத்திலேயே வெண்சுண்ணாம்பு அடித்துவிட்டால் இயந்திரத்தின் உழைப்பு இன்னும் குறையும்.

மார்ச் 22-ஆம் நாள் உலக தண்ணீர் தினக் கிராம சபை கோடையின் வாயிலில் கூடுகிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனத் தொழில் பயின்ற இளைஞர் ஒருவர் பெரும்பாலான வட்டாரங்களில் இருப்பார். அவரை அழைத்து, சபை முடிந்ததும் ஒரு வீட்டில் வலையைக் கழற்றிக் கழுவி மாட்டிக் காட்டச் சொன்னால் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது. எர்த் குழிக்கு நீர் ஊற்றவும் அன்றே தொடங்கிவிடலாம்.