டிராக் 01-க்குப் பெயர் வைக்க எந்த வழி?

சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் ‘டிராக் 01, டிராக் 02’ என்றுதான் காட்டுகிறதா? பிளேயர் மேல் குற்றமில்லை. 1982இல் கடைக்கு வந்த ஆடியோ சிடியில் பாட்டின் பெயருக்கென்று இடமே ஒதுக்கவில்லை. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை மட்டும் இருக்கும், அதுவும் நொடிக்கு 75 ஃபிரேம் கணக்கில். பெயர் வேறெங்கிருந்தாவது வர வேண்டும்.

வட்டிலேயே பெயரை எழுதும் சிடி-டெக்ஸ்ட் 1996இல் வந்தது. நெட் வேண்டாம், அதைப் படிக்கத் தெரிந்த கார் ஸ்டீரியோவிலும் தெரியும். ஆனால் வெளியிட்ட கம்பெனி எழுதியிருந்தால்தானே? தமிழ் எழுத்துக்கும் அதில் வழியில்லை. நீங்களே சிடி எழுதும்போது மட்டும் இது உதவும்.

அடுத்தது, அட்டவணையை வைத்து நெட்டில் பெயர் தேடுவது. 90களில் சிடிடிபி என்ற டேட்டாபேஸ் இப்படித்தான் தொடங்கியது. கேட்பவர்களே டைப் செய்து நிரப்பினார்கள். பிறகு அது கிரேஸ்நோட் என்ற வணிக நிறுவனமானது. அதே முறையில் இலவசமாக இயங்கிய ஃப்ரீடிபி 2020இல் மூடப்பட்டது. சிடிப் பாட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் பழைய ரிப்பிங் சாஃப்ட்வேர் பெயர் எடுக்காமல் விழித்தால், செட்டிங்கில் இன்னும் ஃப்ரீடிபியின் முகவரியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சிடிடிபி முறையில் வட்டின் அடையாள எண் வெறும் எட்டு இலக்கம். பாட்டுகளின் தொடக்க நொடிகள், மொத்த நேரம், பாட்டு எண்ணிக்கை, அவ்வளவுதான் கணக்கு. அதனால் இரண்டு வட்டுகளுக்கு ஒரே எண் அமைவது உண்டு. இளையராஜா வட்டுக்கு ஏதோ ஜெர்மன் ஆல்பத்தின் பெயர் வந்து நிற்கும். சரியான வட்டே கிடைத்தாலும், யாரோ அடித்த எழுத்துக்கூட்டல்தான். ஒரே இசையமைப்பாளர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டு, உங்கள் லைப்ரரியில் மூன்று ஆளாகி நிற்பார்.

மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இன்னொரு நெட் டேட்டாபேஸ் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்தையும் ஃபிரேம் வரை கணக்கில் எடுப்பதால் இந்தக் குழப்பம் அநேகமாக இல்லை. இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் எல்லாருக்கும் தனித்தனி இடம் உண்டு. தப்பைக் கண்டால் நாமே திருத்தலாம். என் ஓட்டு இதற்குத்தான். ஒரு குறை: தமிழ் வட்டுகள் பல இன்னும் ஏறவில்லை, முக்கியமாக இரண்டு மூன்று படங்களை ஒன்றாய்ப் போட்ட பழைய வட்டுகள்.

அப்படிப்பட்டவற்றுக்குக் கையால் அடிப்பதே மேல். உறைக்குள் இருக்கும் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பெரிய வேலையில்லை. ஃபிளாக் ஃபைலாக ரிப் செய்து, ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்ட்டில் பாடகர் என்று கொடுங்கள். இல்லையென்றால் பாடகருக்குப் பாடகர் ஆல்பம் சிதறிப்போகும். தமிழிலேயே அடிக்கலாம், போனில் நன்றாகத் தெரியும். கார் ஸ்டீரியோவில் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும். ஒரு பாட்டைப் பென்டிரைவில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.