தேயும் குன்றின்மேல் ஒரு சிற்றூர்

குன்றின்மேல் அமைந்த ஊரைக் காணுந்தோறும், இஃது அசைக்கலாகா உறுதி வாய்ந்ததென்று எண்ணுதல் மக்கள் இயல்பு. ஆயின், கண்ணுக்குப் புலப்படும் பாறையின் வலிமை மட்டும் ஓர் ஊரைத் தாங்கிவிடாது. புலப்படாது கீழே கிடப்பதன் இயல்பே அதன் வாழ்நாளை வரையறுக்கும். இவ்வுண்மைக்குத் தக்க சான்றாய் நிற்பது இத்தாலி தேசத்திலுள்ள சிவித்தா என்னும் சிற்றூர். மாணாக்கர்கள் மனத்தால் ஒருமுறை அவ்வூர்க்குச் சென்று வருவார்களாக.

உரோமாபுரிக்கு வடக்கே, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், லாத்சியோ மாகாணத்தில் அவ்வூர் உள்ளது. ஓர்வியேத்தோ வரையில் புகைவண்டியிற் சென்று, அங்கிருந்து பஸ் வண்டியேறிப் பாஞோரேஜோ என்னும் ஊரை அடைதல் வேண்டும். பாஞோரேஜோவின் கிழக்குக் கோடியில் நிலம் திடீரென அற்றுப்போகின்றது. எதிரே வெண்சாம்பல் நிறமான பள்ளத்தாக்கு. அதன் நடுவே தனித்து நிற்கும் குன்று. குன்றின் உச்சியில் நெருங்கிய ஓட்டு வீடுகளும் ஒரு மணிக்கோபுரமும். அதுவே சிவித்தா. ஒருகாலத்து இவ்விரண்டையும் நிலம் இணைத்திருந்தது. இன்று இணைப்பது 1965-ஆம் ஆண்டில் அமைந்த ஒரு நடைபாலமே. முன்னிருந்த பாலம் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள இப்பாலத்தில் மோட்டார் கார்கள் செல்லா. முடிவை அணுகுந்தோறும் அது செங்குத்தாக உயர்தலின், முதியோரும் இளையோரும் நின்று மூச்சு வாங்கியே ஏறுகின்றனர்.

பாறையைக் குடைந்த வழியாகிய சாந்தா மரியா வாயிலைக் கடந்தால், கல் பாவிய குறுந்தெருக்களும், படிக்கட்டுகளை வெளிப்புறத்தே கொண்ட கல்வீடுகளும், அவற்றின் நடுவே புனித தொனாத்து ஆலயம் அமைந்த சதுக்கமும் தோன்றும். உரோமர்க்கு முன்னரே இத்தாலியில் வாழ்ந்த எத்துருஸ்கர் என்பார் ஏறத்தாழ 2,500 ஆண்டுகட்கு முன் இவ்வூரை நிறுவினர் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மறைநூல் வல்லுநராய் விளங்கிய புனித பொனவெந்தூர் பிறந்த ஊரும் இதுவே. அவர் 1257-இல் பிரான்சிஸ்கன் சபையின் தலைவராகி, 1274-இல் லியோன் நகரில் இறந்தார். அவருடைய புகழ் நிலைத்தது. அவர் பிறந்த வீடோ நெடுநாட்களுக்கு முன்பே குன்றின் விளிம்போடு சரிந்து மறைந்தது.

இச்சரிவிற்குக் காரணம் யாது? குன்றின் மேற்பகுதி டுஃபா என்னும் பாறையால் ஆயது. இன்று பொல்சேனா ஏரி விளங்கும் நிலப்பகுதியில் முற்காலத்து எரிமலைகள் கக்கிய சாம்பலும் கல்லும் படிந்து இறுகி இப்பாறையாயின. இதனை எளிதில் வெட்டலாம். வெட்டிய கல் வீடு கட்ட நன்கு உதவும். இப்பாறைக்குக் கீழே கிடப்பதோ, அதனினும் பழமையான கடற்களிமண். மழைநீர் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கிக் களிமண்ணை நனைத்து இளக்குகின்றது. குன்றின் இருமருங்கும் ஓடும் ஓடைகள் அதன் அடியை அரித்துச் செல்கின்றன. அடி குழையவே, தாங்குவார் இன்றி மேற்பாறை செங்குத்தாகப் பிளந்து துண்டு துண்டாக வீழ்கின்றது. பாறை தானே தேய்ந்து அழிவதினும், தன்னைத் தாங்கிய மண் நழுவுதலால் வீழ்வதே மிகுதி.

1695-ஆம் ஆண்டு நேர்ந்த நிலநடுக்கம் இத்தீங்கைப் பெருக்கிற்று. வீடுகள் பல இடிந்தன. ஆயரும் ஊராட்சியினரும் அடுத்திருந்த உறுதியான நிலத்திற்குக் குடிபெயர்ந்தனர். அதுவே இன்றைய பாஞோரேஜோ. மக்களும் படிப்படியாக அவர்களைப் பின்பற்றினர். அப்பக்கத்திற் பிறந்த எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி இதனை ‘இறந்துகொண்டிருக்கும் நகரம்’ என்று குறித்தார். அப்பெயரே இன்றளவும் வழங்குகின்றது. ஆண்டு முழுவதும் ஆங்கு வாழ்வோர் இன்று இருபதின்மரினும் குறைந்தவரே.

எனினும் அவ்வூரார் அதனைக் கைவிட்டிலர். பாறை முகங்களை இரும்புக் கம்பிகளாற் பிணித்தும், நீர்ப்போக்கை நெறிப்படுத்தியும் சரிவின் வேகத்தைக் குறைக்கப் பொறிவல்லார் முயல்கின்றனர். 2012-இல் அவ்வூரிலேயே நிலவியலுக்கும் நிலச்சரிவிற்குமென ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. தம் ஊரின் நோயைத் தாமே ஆராய்ந்து, வருவோர்க்கு விளக்கிக்காட்டும் ஊர்கள் உலகில் எத்துணை உள? 2013-ஆம் ஆண்டு முதல் பாலத்தைக் கடப்போரிடம் நுழைவுக் கட்டணமும் வாங்கப்படுகின்றது. அழியுமுன் கண்டுவிட வேண்டுமென்று ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் வருகின்றனர். இறக்கின்றது என்னும் பெயரே ஊர்க்கு வருவாய் தருவதாயிற்று. ஆயினும் பகலிற் சந்தைபோல் ஆரவாரிக்கும் தெருக்கள் மாலையில் வந்தோர் திரும்பியபின் வெறிச்சோடுகின்றன. காண வருவோர் மிகுதலும் குடியிருப்போர் குறைதலும் ஒருங்கே நிகழ்கின்றன. கல்லைக் காத்தல் ஒன்று. வாழ்க்கையைக் காத்தல் மற்றொன்று. முன்னதற்குப் பொறிவல்லார் வழி காண்பர். பின்னதற்கு விடை இன்னும் காணப்படவில்லை.

மாணாக்கர்களே! சிவித்தாவை நிறுவினோர் மேலே கண்ட பாறையை நம்பினர். அவர்களைக் குறை கூறற்கு இல்லை. நமக்கோ கீழுள்ள களிமண்ணின் இயல்பு பற்றிய அறிவு எய்தியுளது. ஊராயினும், கல்விச்சாலையாயினும், மேலே விளங்கும் அழகை வியத்தலோடு அமையாது, அடியில் யாது உளதென வினவும் பழக்கம் நமக்கு வேண்டும். அடி மெலிந்ததென்று அறிந்தபின்னும் வெறுத்து ஓடாது, இயன்றவரை தாங்கி நிற்கும் மனவுறுதியும் வேண்டும். குன்று நாடோறும் சிறிது சிறிதாகத் தேய்கின்றது. ஆயினும் இன்றைய பொழுதில் அதன்மேல் மணி ஒலிக்கின்றது. சன்னல்களிற் பூஞ்செடிகள் மலர்கின்றன. அங்கு எஞ்சியுள்ள சிலர் காலையில் எழுந்து தம் வாயிற்படியைப் பெருக்குகின்றனர்.