மீண்டும் மூன்றாம் ஆண்டு: மருத்துவ மாணவிக்கு உதவிய ஆன்கி

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் அனைவரும் சொல்லும் காரணம் "பிள்ளைகள் படிப்பிற்கு" என்பதுதான். வாங்கிய பின் அதில் படம் பார்க்கிறோம், மெயில் பார்க்கிறோம், கேம்ஸ் விளையாடுகிறோம். படிப்பிற்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் சென்ற ஆண்டு வரை தெரியாது. நான் சென்னையில் சாப்ட்வேர் இஞ்சினியராகப் பணியாற்றுகிறேன். எனக்கு இதைத் தேட வேண்டிய அவசியத்தை ஏற்படுத்தியவள் என் தங்கை.

அவள் ஜார்ஜியா நாட்டில் மருத்துவம் படிக்கிறாள். அங்கு இது ஆறு ஆண்டுப் படிப்பு. மூன்றாம் ஆண்டில் பேத்தாலஜி, பார்மகாலஜி இரண்டிலும் தேறவில்லை. மைக்ரோபயாலஜியிலும் மதிப்பெண் குறைவு. விளைவு, மூன்றாம் ஆண்டையே மீண்டும் படிக்க வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள் பத்து நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். "அப்பாகிட்ட நீயே சொல்லிடுண்ணா" என்றாள். சொன்னேன். அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. கல்விக் கடன் பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். (இஞ்சினியரிங்கில் மேத்ஸ் மூன்றில் நான் அரியர் வைத்தபோது நன்றாகத் திட்டினார். திட்டே தேவலை.)

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்ய எஃப்.எம்.ஜி.இ. என்ற தேர்வில் வெற்றி பெற வேண்டும். 2002 முதல் இது நடத்தப்படுகிறது. ஒரே நாளில் இரண்டு பகுதிகளாக 300 கேள்விகள். 150 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை. தேர்வு கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. 2021ல் வந்த விதிகளின்படி, படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் அதை முடித்துவிடவும் வேண்டும். எனவே ஓர் ஆண்டு போவது சின்ன விஷயம் இல்லை.

"உரிமத் தேர்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கே. இப்ப கிளாஸ் பாஸ் பண்ணினா போதும்" என்பது அவள் வாதம். நான் தேர்வின் மதிப்பெண் பங்கீட்டை எடுத்துக் காட்டினேன். பேத்தாலஜி 13, மைக்ரோபயாலஜி 13, பார்மகாலஜி 13. ஆக, அவள் மீண்டும் படிக்கப்போகும் இந்த மூன்று பாடங்களுக்கே 39 மதிப்பெண். மெடிசின், சர்ஜரி கேள்விகளிலும் மருந்துகள் வராமல் இருக்கப்போவதில்லை. இந்த ஆண்டு படிப்பதை நான்கு ஆண்டு மறக்காமல் வைத்திருந்தால், இரண்டு தேர்வுக்கும் ஒரே படிப்பு. இந்தத் தேர்வுக்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற தேர்வு வரும் என்று 2019 சட்டத்திலேயே உள்ளது. தேர்வின் பெயர் மாறினாலும் காசநோய் மருந்து மாறாது.

நான்கு ஆண்டு மறக்காமல் இருப்பது எப்படி? இங்குதான் கம்ப்யூட்டர் வருகிறது.

ஆன்கி என்ன செய்கிறது?

ஆன்கி என்பது ஓர் இலவச புரோகிராம். 2006ல் டேமியன் எல்ம்ஸ் என்பவர் வெளியிட்டார். ஜப்பானிய மொழியில் இந்தச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என அட்டை எழுதிப் படிப்போம் அல்லவா? அதேதான். ஆனால் எந்த அட்டையை எந்த நாளில் காட்ட வேண்டும் என்பதை புரோகிராம் கணக்கிடும். சரியாகச் சொன்னால் சில நாள் கழித்துக் கேட்கும். மீண்டும் சரி என்றால் சில வாரம், பின் சில மாதம். தவறினால் அன்றே திரும்பவும் கேட்கும். மறக்கப்போகும் நேரத்தில் நினைவுபடுத்துவதுதான் இதன் வேலை.

இன்ஸ்டால் செய்வது

பிரவுசரில் ஆப்ஸ் டாட் ஆன்கிவெப் டாட் நெட் என்ற தளத்திற்குச் சென்று, விண்டோஸிற்கான பைலை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். வேறு தளங்களில் தேட வேண்டாம். இதே போன்ற பெயரில் வேறு புரோகிராம்கள் உள்ளன. திறந்தவுடன் கிடைக்கும் விண்டோவின் கீழே கிரியேட் டெக் என்ற பட்டன் இருக்கும். டெக் என்பது அட்டைக் கட்டு. கிளிக் செய்து பாடத்தின் பெயரைக் கொடுங்கள். பின் மேலே உள்ள ஆட் என்பதில் கிளிக் செய்தால் ஃப்ரண்ட், பேக் என இரண்டு கட்டங்கள் கிடைக்கும். ஃப்ரண்ட்டில் கேள்வி, பேக்கில் பதில். கண்ட்ரோல் கீயுடன் என்டர் தட்டினால் அட்டை சேர்ந்துவிடும்.

படிக்கும்போது டெக்கின் பெயரில் கிளிக் செய்திடுங்கள். கேள்வி தெரியும். மனதிற்குள் பதிலைச் சொல்லிவிட்டு ஸ்பேஸ் பார் தட்டினால் பதில் வரும். தெரியவில்லை என்றால் 1, சிரமப்பட்டுச் சொன்னால் 2, சரியாகச் சொன்னால் 3, மிக எளிது என்றால் 4. மவுஸே தேவையில்லை. பொய் மட்டும் சொல்லக் கூடாது. தெரியாததற்கு 3 அழுத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.

அட்டை எழுதுவதில்தான் எல்லாம்

என் தங்கை எழுதிய முதல் அட்டை: "காசநோய் மருந்துகளின் பக்க விளைவுகள் யாவை?" பதிலில் பாதிப் பக்கம். மூன்று நாளும் 1தான் அழுத்தினாள். பாதி நினைவிருந்தது, பாதி இல்லை. அதற்கு எந்த பட்டனை அழுத்துவது? அதை உடைக்கச் சொன்னேன். ஐசோநயசிட் எடுப்பவருக்குக் கை கால் மரத்துப்போகாமல் இருக்க எந்த வைட்டமின் தர வேண்டும்? பி6. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது எந்த மருந்தால்? ரிஃபாம்பிசின். பார்வை நரம்பைப் பாதிப்பது? எத்தாம்பியூட்டால். யூரிக் அமிலத்தை உயர்த்துவது? பைரசினமைட். ஓர் அட்டைக்கு ஒரு பதில். ஐந்து நொடியில் சொல்ல முடிந்தால் அது நல்ல அட்டை.

புரியாத ஒன்றை அட்டையாக்காதீர்கள். முதலில் புத்தகம், பிறகு அட்டை. புரியாமல் எழுதியதை ஆன்கி ஆயிரம் முறை கேட்டாலும் அது மனதில் நிற்காது.

அட்டை எழுதும் விண்டோவின் கீழே டேக்ஸ் என்று ஒரு கட்டம் உள்ளது. அவள் எல்லா அட்டைக்கும் அந்த வார வகுப்பின் பெயரை டேக் ஆகக் கொடுக்கிறாள். உரிமத் தேர்வில் கேட்கக்கூடியது என்று தோன்றினால் இரண்டாவதாக ஒரு டேக். கல்லூரித் தேர்வு முடிந்த பின் அந்த இரண்டாவது டேக் உள்ளவை மட்டும் தொடர்ந்தால் போதும்.

இருபதாயிரம் அட்டை என்னும் ஆசை

இதைச் சொல்லாமல் விடக் கூடாது. மருத்துவ மாணவர்களுக்கென மற்றவர்கள் தயாரித்த பெரிய டெக்குகள் கிடைக்கின்றன. தோழி ஒருத்தி கொடுத்ததாக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட ஒன்றை அவள் இறக்கினாள். நாளொன்றுக்கு நூறு புதிய அட்டை என செட் செய்துவிட்டாள். முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் திரும்பிப் பார்க்க வேண்டியவை ஒரு நாளைக்கு அறுநூறைத் தாண்டின. நான்கு நாள் ஆன்கியையே திறக்கவில்லை. நம் ஊர் நேரப்படி இரவு பன்னிரண்டு மணிக்கு (அங்கே பத்தரை) போன் செய்து, "இதுலயும் ஃபெயில் ஆயிட்டேன்ணா" என்று அழுதாள். அவளை அழவைத்தது நான் கொடுத்த புரோகிராம்! எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

கணக்கு எளிது. இன்று பார்த்த புதிய அட்டை நாளையும் அதன் பின்னும் பலமுறை திரும்பி வரும். புதியவற்றின் எண்ணிக்கையைப் போல் பத்து மடங்கு திருப்புதலுக்கு இடம் வையுங்கள் என்பது ஆன்கி தரும் வழிகாட்டல். எனவே டெக்கின் பெயருக்கு வலப்புறம் உள்ள பல்சக்கரத்தில் கிளிக் செய்து ஆப்ஷன்ஸ் செல்லுங்கள். நியூ கார்ட்ஸ் என்பதில் 20 இருக்கும். அவளுக்கு நான் வைத்தது 12. சேர்ந்துபோன பாக்கி தீரும்வரை 0. அந்தப் பெரிய டெக்கை அழித்துவிட்டோம். மூன்று வாரத்தில் பாக்கி தீர்ந்தது. இப்போது காலையில் முக்கால் மணி நேரம் ஆகிறது. வகுப்பிற்குப் போகும் முன் முடித்துவிடுகிறாள்.

அப்லோடா, டவுண்லோடா?

ஆன்கிவெப் தளத்தில் இலவசமாக ஓர் அக்கவுண்ட் தொடங்கினால் கம்ப்யூட்டரில் உள்ள அட்டைகளை மொபைலிலும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டிற்கு ஆன்கிட்ராய்ட் இலவசம்; ஐபோனுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். முதல்முறை சிங்க் செய்கையில் அப்லோட், டவுண்லோட் என இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். அட்டைகள் எங்கே இருக்கின்றன என்று யோசித்து அழுத்துங்கள். அவள் காலியாக இருந்த மொபைலை முதலில் சிங்க் செய்துவிட்டு, லேப்டாப்பில் டவுண்லோட் அழுத்தினாள். காலிக் கட்டு வந்து உட்கார்ந்தது. ஐந்து வாரம் எழுதிய அட்டைகள் போயின.

நல்லவேளை, ஆன்கி தானாகவே பேக்கப் எடுத்து வைக்கும். பைல் மெனுவில் ஸ்விட்ச் புரொபைல் சென்று, ஓப்பன் பேக்கப் என்பதில் கிளிக் செய்து, முந்தைய நாள் பைலைத் தேர்ந்தெடுத்தோம். எல்லாம் திரும்பின. அடுத்த சிங்கில் அப்லோட். ஆனால் இந்த பேக்கப்பில் படங்களும் ஒலியும் சேராது. அவற்றுடன் முழுதாக வேண்டுமானால் பைல், எக்ஸ்போர்ட் சென்று, மீடியாவையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்து, கிடைக்கும் பைலைப் பென் டிரைவில் காப்பி செய்திடுங்கள்.

ஞாயிறுதோறும் அந்தப் பைலை எனக்கும் அனுப்புகிறாள். சென்ற வாரம் அப்பா அதைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நாற்பது அட்டை பார்த்தார். ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. "இவ்வளவும் அவளே எழுதினதா?" என்று மட்டும் கேட்டார்.