இணையதளப் பெயர்: வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

கடை திறக்கும்போது பெயர்ப் பலகைக்கு நல்ல நாள் பார்க்கிறோம். எழுத்துக்கூட்டி எண்ணும் பார்க்கிறோம். ஆனால் இணையதளம் தொடங்கும்போது அதன் பெயரை மட்டும், தளம் அமைத்துத் தர வருகிற தம்பியின் கையிலேயே விட்டுவிடுகிறோம். எங்கள் பருப்பு மண்டியிலும் அதுதான் நடந்தது. பட்டுத் தெரிந்துகொண்டதை நமது உறுப்பினர்களுக்குச் சொல்வது கடமை என்று கருதுகிறோம்.

2014-ல் எங்களுக்குத் தளம் அமைத்தவர், பெயரைத் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிவு செய்தார். பணம் கொடுத்தது நாங்கள், பில்லும் வாங்கினோம். மூன்று வருடம் கழித்து அவர் தொழிலை விட்டு வெளியூர் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த தகவல்கள் எல்லாம் அவருக்கே போயின. ஒரு நாள் வெளியூர் வாடிக்கையாளர் போன் செய்து, "அண்ணாச்சி, உங்க கடைப் பேரைப் போட்டா வேற என்னமோ வருதே" என்றார். கெடு முடிந்து, வேறு யாரோ அதை எடுத்திருந்தார்கள். பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, சாக்கு அச்சு எல்லாவற்றையும் மாற்றினோம். அந்தச் செலவு போகட்டும். பழைய மின்னஞ்சலுக்கு ஆர்டர் அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை தெரியவில்லை.

இது வாங்கும் சொத்து அல்ல

டொமைன் எனப்படும் இந்தப் பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. 1 வருடம் முதல் 10 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கிறோம். டாட் காம் போன்ற பெயர்களுக்கான விதிகளை 1998-ல் தொடங்கிய ஐகான் என்ற அமைப்பு வகுக்கிறது. டாட் இன் பெயர்களை நம் நாட்டின் நிக்சி நிர்வகிக்கிறது. 2005 முதல் அவை எல்லோருக்கும் கிடைக்கின்றன. தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா' பெயரும் உண்டு. நாம் பதிவு செய்வது இவர்களிடம் நேரடியாக அல்ல, பதிவாளர் நிறுவனங்கள் மூலமாக.

பெயர் தேர்வு

1. போனில் ஒரு தடவை சொன்னால் எதிராளி பிழையில்லாமல் எழுத வேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இதில்தான் சிக்கல். லட்சுமிக்கு ஒருவர் 'கே எஸ் எச்' போடுவார், இன்னொருவர் 'எக்ஸ்' போடுவார். 'ழ' வந்தால் கேட்கவே வேண்டாம். இப்படி இரண்டு விதமாக எழுதக்கூடிய பெயரானால் இரண்டையும் பதிவு செய்து, ஒரே தளத்துக்குத் திருப்பி விடலாம்.

2. ஒரு பகுதிக்கு 63 எழுத்து வரை இடம் உண்டு. அதற்காக நீட்ட வேண்டாம். இடைக்கோடும் எண்ணும் போனில் சொல்லச் சிரமம்.

3. பிறர் வணிகச் சின்னத்தை ஒட்டிய பெயர் ஆகாது. 'சிஃபி' பெயருக்காகச் சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில், இணையதளப் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிகச் சின்னப் பதிவேட்டை முன்கூட்டியே இணையத்தில் தேடிப் பாருங்கள்.

பதிவு செய்யும்போது

பதிவாளரிடம் கணக்கைக் கடையின் பெயரில், உங்கள் மின்னஞ்சலிலும் போன் எண்ணிலும் தொடங்குங்கள். அந்த மின்னஞ்சல், பதிவு செய்கிற பெயரிலேயே அமைந்ததாக இருக்கக் கூடாது; பெயர் போனால் அஞ்சலும் போய்விடும். கடவுச்சொல் முதலாளியிடம் இருக்கட்டும். வேலை செய்கிறவருக்குச் சாவி கொடுக்கலாம், பத்திரத்தைக் கொடுக்கலாமா?

முதல் வருடக் கட்டணம் குறைவாக இருக்கலாம். புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு கையெழுத்திடுங்கள். முடிந்தால் சில வருடங்களுக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். 'உடனே பணம் கட்டாவிட்டால் பெயர் போய்விடும்' என்று முன்பின் தெரியாதவர் அனுப்பும் பில்லை நம்பாமல், உங்கள் கணக்கில் நுழைந்து தேதியைச் சரிபாருங்கள்.

கெடு தவறினால்

டாட் காம் பெயர் கெடு தாண்டினால், பதிவாளர் சில நாள் அவகாசம் தருவது வழக்கம். பிறகு பெயரை நீக்கினால், மீட்டுக்கொள்ள 30 நாள் உண்டு. ஆனால் கட்டணம் பல மடங்கு. அதற்குப் பிறகு 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். பெரியவர்களும் தவறியிருக்கிறார்கள். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'பாஸ்போர்ட் டாட் காம்' பெயருக்கு 35 டாலர் கட்ட மறந்தது. ஹாட்மெயில் வாடிக்கையாளர் பலர் தவித்தார்கள். வெளியாள் ஒருவர் தம் கைப்பணத்தைக் கட்டிக் காப்பாற்றினார். நமக்கு அப்படி ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்க முடியுமா?

ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். பெயர் யார் கணக்கில் இருக்கிறது, கெடு எந்தத் தேதி என்று கேளுங்கள். வேறொருவர் கணக்கில் இருந்தால், அவர் உறவு சுமுகமாக இருக்கும்போதே மாற்றி வாங்கிக் கொள்ளுங்கள். கெடு தேதியை, லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதியோடு சேர்த்துக் கல்லாவுக்கு மேலே உள்ள காலண்டரில் குறித்து வையுங்கள்.