நாமே வைத்த விசைகளை மறக்காமல் இருக்க



வேர்டில் கன்ட்ரோல் + சி காப்பி, கன்ட்ரோல் + வி பேஸ்ட். இது எல்லாருக்கும் தெரியும். இது போல நமக்கு வேண்டிய குறுக்கு விசையை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பது சிலருக்குத்தான் தெரியும்.

உதாரணம்: கணக்கு வினாத்தாள் அடிக்கும்போது √ குறி அடிக்கடி வரும். இன்சர்ட், சிம்பல், மோர் சிம்பல்ஸ் போய் √ குறியைத் தொட்டு, ‘ஷார்ட்கட் கீ’ பட்டனை அழுத்தணும். பிறகு விரும்பும் விசையை அழுத்தி ‘அசைன்’ கொடுக்கணும்.

கவனிக்க: அந்த விசைக்கு ஏற்கெனவே வேலை இருந்தால் அங்கேயே காட்டும். கன்ட்ரோல் + ஆல்ட் + ஆர் அழுத்தினால் ® குறி என்று வரும். அப்போ வேற விசை பார்க்கணும். பார்க்காம கன்ட்ரோல் + பி-க்கு வேற வேலை கொடுத்துட்டா, அடுத்து உட்கார்றவங்க பிரின்ட் எடுக்க முடியாம முழிப்பாங்க. பள்ளிக் கம்ப்யூட்டர் எல்லா வகுப்புக்கும் பொது அல்லவா?

கணக்கு வைக்க மூன்று வழிகள்:

1. நோட்டில் கட்டம் போட்டு விசை, வேலை, வைத்தவர், தேதி எழுதலாம். கரன்ட் இல்லாவிட்டாலும் படிக்கலாம்!

2. ஃபைல், பிரின்ட் போனால் ‘பிரின்ட் ஆல் பேஜஸ்’ என்று இருக்கும். அதைத் திறந்து ‘கீ அசைன்மென்ட்ஸ்’ தேர்ந்தெடுத்தால் நாம வச்ச விசைகள் தாளில் வரும்.

3. வியூ, மேக்ரோஸ் போய், ‘மேக்ரோஸ் இன்’ என்ற இடத்தில் ‘வேர்ட் கமாண்ட்ஸ்’ தேர்ந்தெடுக்கணும். ‘லிஸ்ட்கமாண்ட்ஸ்’ என்பதை ரன் செய்து ‘கரன்ட் கீபோர்டு செட்டிங்ஸ்’ கொடுத்தால் அட்டவணையே தயார். இதில் வேர்டின் சொந்த விசைகளும் சேர்ந்து வரும்.

இந்த விசைகள் பொதுவாக ‘நார்மல்’ என்ற டெம்ப்ளேட் ஃபைலில் சேமிக்கப்படுகின்றன. அதனால் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் போனால் அங்கே இருக்காது. கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தாலும், ‘ரீசெட் ஆல்’ அழுத்தினாலும் போயிரும். எனவே அந்த ஃபைலை பென்டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைப்பது நல்லது. லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டு போய் ‘சேவ்’ கொடுத்தால் விசைகள் தனி ஃபைலாகக் கிடைக்கும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்வாங்க. ஆனா கம்ப்யூட்டர் பக்கத்துல தொங்குற ஏடு கண்டிப்பா உதவும். நம்ம கம்ப்யூட்டர் அறையிலும் ஒரு தாள் ஒட்டலாமே! புது விசை வைப்பவர்கள் அதில் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.


— ஒன்பதாம் வகுப்பு மாணவி