நத்தார் காலப் பாடம்: பெற்றவர்களும் கொடுப்பவர்களே

பாடப் பகுதி: மத்தேயு 2:13-23
(குழுவாகக் கூடிப் படிப்பதற்கு)

நத்தார் காலம் வந்தால் ஊழியர்களும் சங்கத்தாரும் வெளிநாட்டு நண்பர்களும் திம்புள்ளத் தோட்டங்களுக்கு வருகிறார்கள். பால்மா, உடுப்பு, போர்வை தருகிறார்கள். மண்சரிவாலோ, அணைக்கட்டு வேலையாலோ, கலவரத்தாலோ வீட்டையும் மரக்கறித் துண்டுக் காணியையும் இழந்த நமக்கு இந்த உதவி தேவைதான். ஆனால் ஆண்டுதோறும் வரிசையில் நின்று வாங்கும்போது, "நாம் வாங்குகிறவர்கள் மாத்திரமே" என்ற எண்ணம் மனதில் வேரூன்றிவிடுகிறது. இந்த எண்ணம் சரியானதா? சிந்திப்போம்.

1. வேதம் காட்டும் குடும்பம்

சாஸ்திரிகள் காணிக்கை வைத்துச் சென்ற பின், யோசேப்பு இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார். ஏரோது இறந்த பிறகும் யூதேயாவுக்குத் திரும்பப் பயந்து, நாசரேத்தில் குடியேறினார்கள். முதல் நத்தாரின் குடும்பமே இடம்பெயர்ந்த குடும்பம். அவர்களும் பிறர் கையிலிருந்து பெற்றார்கள். ஆயினும் உலகுக்கு நற்செய்தி அவர்கள் வழியாகவே வந்தது.

2. கடல் கடந்து வந்த உபதேசியார்கள்

மலையகத்துக்கு நற்செய்தியைக் கொண்டு வந்தவர்கள் வெள்ளைக்காரர் மாத்திரமே என்று பலர் நினைக்கிறோம். 1854இல் சர்ச் மிஷனரி சங்கத்தார் கோப்பித் தோட்டத் தமிழருக்காகத் தனி ஊழியம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்குத் "தமிழ்க் கூலி மிஷன்" என்று பெயர். அந்தப் பெயரிலிருந்த அவமதிப்பையும், செலவில் ஒரு பங்கைத் துரைமார் கொடுத்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தோட்டந்தோட்டமாக நடந்து, நம் மூதாதையரோடு அவர்களுடைய மொழியிலேயே பேசியவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்கள். அவர்களை அனுப்பிய சபைகள் செல்வச் சபைகள் அல்ல. பனையேறிப் பிழைத்த குடும்பங்கள் பல அவற்றில் இருந்தன.

3. இலங்கையிலிருந்து சென்ற பாடம்

1902இல் திருநெல்வேலியைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் வந்தார். அங்குள்ள இளம் கிறிஸ்தவர்கள் தாங்களே ஒரு மிஷனரிச் சங்கம் அமைத்து, கடலுக்கு அப்பால் தொண்டிப் பகுதியில் ஊழியம் நடத்தி வந்தார்கள். அதைக் கண்டு அவருடைய உள்ளம் ஏவப்பட்டது. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அதன் ஊழியர்கள் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலுக்குப் போனார்கள். தமிழ் பேசியவர்கள் அங்கே தெலுங்கைக் கற்க வேண்டியிருந்தது. 1909இல் அசரியாவும் அங்கே போனார்.

1905 டிசம்பர் 25ஆம் தேதி, நத்தார் நாளிலே, வங்காளத்துச் சேரம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிருவாகம் என்பதே அதன் கொள்கை. பிறர் அனுப்பட்டும் என்று காத்திராமல், தாங்களே அனுப்பத் துணிந்தவர்களின் நத்தார் அது.

4. எப்படிக் கொடுப்பது?

நம் லயங்களில் இந்துக் குடும்பங்களே அதிகம். மண் சரியும்போது அது மதம் பார்த்துச் சரிவதில்லை. ஆகவே நம் உதவியும் மதம் பார்க்கலாகாது. பொதியைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்கு வரச் சொல்வது உதவியல்ல, விலை பேசுவது. பசியில் இருப்பவரால் அந்த விலையை மறுக்க முடியாது. நம் விசுவாசத்தைக் குறித்து யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வோம். கேட்காவிட்டாலும் கொடுப்பதை நிறுத்தோம்.

5. இந்த நத்தாருக்குச் செய்யக்கூடியவை

அ) பிடியரிசி: ஒவ்வொரு வேளையும் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வையுங்கள். நத்தார் வாரத்தில் அதைச் சேர்த்து, புதிதாக வந்த குடும்பத்துக்குக் கொடுங்கள்.

ஆ) விதை: அடுத்த போகத்துக்கு வைத்திருக்கும் விதை உருளைக்கிழங்கிலோ லீக்ஸ் நாற்றிலோ ஒரு பங்கைக் காணி இழந்தவருக்குக் கொடுங்கள். உடுப்பு கிழிந்துபோகும், விதை பெருகும்.

இ) துணை: பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ தொலைந்தவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் கூடவே போங்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை, ஒரு நாள் போதும்.

கலந்துரையாட

1. நீங்கள் பெற்ற உதவிகளில் உங்களை மதித்துத் தரப்பட்டது எது? வெட்கப்படுத்தியது எது? ஏன்?
2. நம்மைவிடப் பிந்தி இடம்பெயர்ந்து வந்த குடும்பம் நமக்கு அருகில் இருக்கிறதா? அவர்களுக்கு என்ன தேவை என்று அவர்களிடமே கேட்டோமா?
3. மேலே சொன்ன மூன்றில் எதை நம் குழு எடுத்துக்கொள்ளும்? யார், எந்த நாளில் செய்வார்?

ஜெபம்

எகிப்துக்குத் தப்பிப்போன ஆண்டவரே, எங்கள் கைகள் பெறுவதற்கு மாத்திரமல்ல, கொடுப்பதற்கும் உண்டாக்கப்பட்டவை என்பதை எங்களுக்கு உணர்த்தியருளும். ஆமென்.