எரிவாயுச் செய்திகளும் எட்டு வினாக்களும்: வடசென்னையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

நிலத்தடி எரிவாயுவைத் தோண்டியெடுப்பது பற்றிய செய்திகள் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் இடம்பெற்று வருகின்றன. ஒருநாள் அது நாட்டின் எரிபொருள் பற்றாக்குறையைத் தீர்க்க வந்த அருமருந்து. மறுநாள் அதுவே விளைநிலத்தைப் பாலையாக்கும் நஞ்சு. இவற்றுள் எது மெய் எனத் துணிவது நிலவியல் அறிஞர்தம் பணி. அச்செய்தி எவ்வாறு சொல்லப்படுகிறது, அதில் எது சொல்லப்படாமல் நிற்கிறது என ஆராய்வது மொழி பயில்வோர்க்குரிய பணியாகும். அப்பணியை மேற்கொள்ள இக்கட்டுரை முற்படுகிறது.

வடசென்னையில் எரிவாயுக் கிணறு எதுவும் இல்லையே, அப்பகுதியை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று ஒரு வினா எழலாம். டெல்டா மாவட்டங்களில் எரிவாயு பற்றிப் பேசப்பட்டவை பெரும்பாலும் வருங்காலம் பற்றிய கூற்றுகள். இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியோ, இத்தகைய வாக்குறுதிகளைத் தலைமுறைகளாகக் கேட்டு, அவற்றின் விளைவுகளோடு வாழ்ந்து வரும் நிலம். செய்தியின் மொழியை நிகழ்வோடு ஒப்பிட்டுப் பார்க்க இதனினும் ஏற்ற களம் வேறில்லை. நம் மாணவருள் பலருக்கு அது சொந்த மண்ணும் ஆகும்.

சொற்களைத் தெளிதல்

மீத்தேன், ஷேல், ஹைட்ரோகார்பன் என்னும் மூன்று சொற்களும் நம் ஊடகங்களில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வழங்கிவிடுகின்றன. இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. ஹைட்ரோகார்பன் என்பது எண்ணெய், எரிவாயு அனைத்தையும் அடக்கிய பொதுப்பெயர். மீத்தேன் என்பது இயற்கை எரிவாயுவின் முதன்மைக் கூறு. நிலக்கரிப் படுகையில் தங்கியுள்ள மீத்தேனை எடுக்க, முதலில் அங்குள்ள நீரை வெளியேற்ற வேண்டும். ஷேல் எனப்படும் இறுகிய களிப்பாறையில் சிக்கியுள்ள வாயுவை எடுப்பதற்கோ, மணலும் வேதிப்பொருள்களும் கலந்த நீரைப் பேரழுத்தத்தில் உட்செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்க வேண்டும். இதுவே நீரியல் விரிசல் முறை.

முன்னதில் நீர் வெளியேறுவதால் நிலத்தடி நீர்மட்டம் பற்றிய கவலை. பின்னதில் நீர் உட்செல்வதால் நன்னீர்ச் செலவும் திரும்பி வரும் கழிவுநீரும் பற்றிய கவலை. சொல் மாறினால் இடரும் மாறுகிறது. மன்னார்குடிப் பகுதிக்கென 2010ஆம் ஆண்டில் ஒப்பந்தமானது நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டம். நெடுவாசலில் 2017ஆம் ஆண்டில் பெரும் போராட்டத்துக்குக் காரணமானது ஹைட்ரோகார்பன் திட்டம். இவ்விரண்டையும் ஒரே பெயரால் சுட்டிய செய்திகள், உழவரின் நியாயமான ஐயத்துக்கும் தெளிவான விடையைத் தரவில்லை. இவ்வகையில், 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் நமக்கு நல்ல மொழிப்பாடமாகும். தடை செய்யப்படும் புதிய திட்டங்களைக் கூறுமிடத்து அது நிலக்கரிப் படுகை மீத்தேனையும் ஷேல் எரிவாயுவையும் தனித்தனியே பெயர் சுட்டி உரைக்கிறது.

ஆய்வுக்குரிய அளவுகோல்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில், ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகள் எட்டு என வகுக்கிறார். வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன அவை. குயவன் குடம் வனைந்தான் என்னும் சிறு தொடருக்குள்ளும், எங்கே, எப்போது, எக்கருவியால், யாருக்காக, என்ன பயன் கருதி என்னும் வினாக்கள் அடங்கியுள்ளன. வழக்கில் இவற்றுட் குறைவன குறையும் என்பதையும் அவர் உடன்படுகிறார். எனவே ஒரு செய்தியில் எட்டும் வந்தே தீரவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. எது குறைகிறது, யாருக்கு வசதியாகக் குறைகிறது என்பதே நம் வினா.

வாக்குறுதியின் மொழி

திட்டங்களை அறிவிக்கும் செய்திகளில் செய்வது தெளிவாக நிற்கும். அரசு அமைக்கிறது, நிறுவனம் முதலிடுகிறது என எழுவாயோடு தொடர் அமையும். தொகையும் காலமும் எண்களால் தரப்படும். எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தில் 2019ஆம் ஆண்டு மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்ட திரவ இயற்கை எரிவாயு முனையம் இதற்குச் சான்று. ஆண்டுக்கு 50 இலட்சம் டன் கொள்ளளவு, 5,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவு என்னும் எண்கள் செய்திதோறும் இடம்பெற்றன. எரிவாயு சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 162 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்டால் அதன் கன அளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அதனாலேயே கப்பலில் ஏற்ற இயல்கிறது. அமெரிக்காவில் ஷேல் பாறையிலிருந்து எடுத்த வாயு 2016ஆம் ஆண்டு முதல் கடல் கடந்து செல்வதும் இம்முறையிலேதான். ஆகவே களிப்பாறை நம் மண்ணில் தோண்டப்படாவிடினும், அத்தொழிலின் மறுமுனை துறைமுகங்களே.

இத்தகைய செய்திகளில் குறைவது ‘இன்னதற்கு’ என்னும் முதனிலை. வேலைவாய்ப்புப் பெருகும் என்பர். யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, கட்டுமானக் காலத்துக்கு மட்டுமா என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

எண்கள் இருப்பதாலேயே ஒரு செய்தி உறுதியுடையதாகிவிடாது. போலந்து நாட்டில் ஷேல் எரிவாயு 5.3 இலட்சம் கோடி கன மீட்டர் இருக்கலாம் என 2011ஆம் ஆண்டில் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிறுவனம் மதிப்பிட்டது. மறு ஆண்டிலேயே அந்நாட்டு நிலவியல் கழகம் பெரும்பாலும் 34,600 கோடி முதல் 76,800 கோடி கன மீட்டருக்குள் அடங்கும் என்றது. பெருநிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. வணிக உற்பத்தி தொடங்கவே இல்லை. இந்தியாவுக்கும் அவ்வமெரிக்க நிறுவனம் 2013ஆம் ஆண்டில் 96 இலட்சம் கோடி கன அடி என மதிப்பிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் நடுவண் அரசும் ஷேல் எரிவாயுக் கொள்கையை அறிவித்தது. ஆயின் தொழில்நுட்ப அளவில் எடுக்கத்தக்கது என்பது வேறு. ஆதாயத்துடன் எடுக்கக்கூடியது என்பது வேறு. ‘இருக்கலாம்’ என்னும் ஐயவினை தலைப்பில் ‘இருக்கிறது’ எனத் தெளிவினையாக மாறும்போது, அறிவியல் வாக்குறுதியாகிவிடுகிறது.

இடரின் மொழி: வடசென்னைச் சான்றுகள்

விபத்துச் செய்திகளில் நம் இதழ்கள் பெரிதும் கையாளும் வினை ‘ஏற்பட்டது’ என்பதாகும். கசிவு ஏற்பட்டது, பாதிப்பு ஏற்பட்டது, பரபரப்பு ஏற்பட்டது என இது எங்கும் பயில்கிறது. ‘கசியவிட்டது’ என்னும் பிறவினை, செய்தவரைக் கேட்கும். ‘கசிவு ஏற்பட்டது’ என்னும் தொடர் எவரையும் கேட்பதில்லை. இத்தொடர் வடிவில் எவையெவை மறைகின்றன என்பதை மூன்று நிகழ்வுகளால் காண்போம்.

முதலாவது, 2017ஆம் ஆண்டு சனவரி 28. எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதின. துறைமுகத்தின் தொடக்க அறிக்கை, எண்ணெய் மாசு போன்ற சூழல் கேடு எதுவும் இல்லை என்னும் பொருளில் அமைந்தது. செய்வது, நிலம், காலம் யாவும் செய்தியில் இருந்தன, செயப்படுபொருள் இல்லை. பின்னர் எர்ணாவூர்க் கரையில் கறுத்த எண்ணெயை மீனவரும் தன்னார்வலரும் பணியாளரும் வாளிகளால் அள்ளிய காட்சிகள் வெளிவந்தபோதுதான் விடுபட்ட அந்த முதனிலை நாட்டுக்குத் தெரிந்தது.

இரண்டாவது, 2023ஆம் ஆண்டு டிசம்பர். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தை அடைந்தது. வீடுகளிலும் வலைகளிலும் படகுகளிலும் எண்ணெய் படிந்தது. செயப்படுபொருள் இம்முறை துல்லியமாக எண்ணப்பட்டது: 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும், 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும் மாநில அரசு அறிவித்தது. மறைந்து நின்றது செய்வது. தன் குழாய்களில் கசிவில்லை என்று சென்னைப் பெட்ரோலிய நிறுவனம் முதலில் கூறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்த பின்னர், மழைநீர் மேலாண்மைக் குறைபாட்டைச் சுட்டி, அந்நிறுவனத்தையே மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் பொறுப்பாளியாக்கியது.

மூன்றாவது, அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிய நேரம். எண்ணூரில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத்திணறலோடு இருளில் வெளியேறினர். 50 பேருக்கு மேல் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இங்கே நிறுவனத்தின் பெயர் உடனே வந்தது. குறைந்தது கருவி. அக்குழாய் எங்கே செல்கிறது, அதில் எப்போது எது பாய்கிறது, கசிந்தால் மக்கள் எத்திசையில் ஓட வேண்டும் என்பவை விபத்துக்கு முன்பே செய்தியாகியிருக்க வேண்டியவை.

மூன்று நிகழ்வுகளிலும் குறைந்த முதனிலை வேறுவேறு. ஆயினும், அந்நேரத்தில் பொறுப்பை நிலைநாட்டத் தேவையாக இருந்தது எதுவோ அதுவே ஒவ்வொன்றிலும் குறைந்தது என்பது நோக்கத்தக்கது.

இதற்குச் செய்தியாளரை மட்டும் பழித்தல் முறையன்று. முதல் தகவல் பெரும்பாலும் நிறுவனத்தின் அறிக்கையாகவே வருகிறது. அச்சுக்குப் போகும் நேரம் நெருக்குகிறது. உசாவல் முடியுமுன் ஒருவரைக் குற்றவாளி என எழுதுவது அறமும் அன்று. ஆனால் அவ்விடத்தில் ‘காரணம் யார் என்பது இன்னும் அறியப்படவில்லை’ என்று எழுதலாம். அப்போது வெற்றிடம் வெற்றிடமாகத் தெரியும். ‘ஏற்பட்டது’ என்று எழுதும்போது அது மூடப்படுகிறது.

இருபாலும் ஒரே அளவுகோல்

எதிர்ப்பாளர் மொழியையும் இதே அளவுகோலால் அளத்தல் நடுவுநிலையாகும். ‘பாலைவனமாகும்’ என்னும் தெளிவான எதிர்கால முற்று, எவ்வாறு, எத்தனை காலத்தில் என்பவற்றை விழுங்கிவிடுகிறது. இடர் உண்மையாயினும் மிகைச்சொல் அதன் வலிமையைக் குறைத்துவிடும்.

அறிவியலின் மொழி எத்தகைய எச்சரிக்கை உடையது என்பதற்கு அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வே சான்று. நீரியல் விரிசலால் குடிநீருக்குப் பரவலான பாதிப்புக்குச் சான்று காணவில்லை என 2015ஆம் ஆண்டின் வரைவு கூறியது. அதனைப் பாதுகாப்புச் சான்றிதழாகவே பலர் எடுத்தாண்டனர். 2016ஆம் ஆண்டின் இறுதி அறிக்கையில் அக்கூற்று நீக்கப்பட்டது. சில சூழ்நிலைகளில் குடிநீர் பாதிக்கப்படக்கூடும் என்பது நிலைபெற்றது. சான்று காணவில்லை என்பதும் பாதிப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. அறியாமைக்கும் இன்மைக்கும் உள்ள வேறுபாடு இது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன: திட்டங்களின் பெயர்களைத் தெளிவாக வழங்காத செய்தி, இடர்களையும் தெளிவாக்காது, வாக்குறுதிச் செய்தியில் பயன் பெறுவோரும், விபத்துச் செய்தியில் செய்வோரும் கருவியும் செயப்படுபொருளும் மறையும் இடங்களே வாசகர் வினவ வேண்டிய இடங்கள்.

மாணவர்கள் வாரம் ஒரு தொழில் திட்டச் செய்தியை நறுக்கியெடுத்து, எட்டு முதனிலைகளையும் ஒரு தாளில் எழுதி, செய்தியில் விடை இருப்பவற்றை நிரப்புவார்களாக. நிரம்பாத கட்டங்களே அடுத்த நாள் ஆசிரியருக்குக் கடிதமாகவோ, அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுவாகவோ அமையலாம். காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் முதியவர் பலர், ஆற்றில் எந்தப் பருவத்தில் எந்த இறால் கிடைத்தது, எப்போது அது அற்றுப்போயிற்று என்பதை நினைவில் வைத்திருக்கின்றனர். அந்நினைவுகளை நாளும் இடமும் குறித்து எழுதிவைக்கும் பணியை நம் தமிழ்த்துறை மாணவர்கள் ஏற்பார்களாயின், இனி வரும் வாக்குறுதிகளை அளப்பதற்கு உரிய சான்று நம் கையிலும் இருக்கும்.